எம்.சி. வேறு, மருத்துவமனை விடுப்பு வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் ஏழு ஆண்டுகளாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் என் தங்கை கணவர், போன மாதச் சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். ஆறு நாள் சம்பளம் பிடித்தம்.

மனிதர் ஊர் சுற்றப் போகவில்லை. முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை. மருத்துவமனையில் கிடந்ததும், அதன்பின் மருத்துவர் எழுதிக் கொடுத்த மருத்துவமனை விடுப்புமாக 52 நாள். அதற்கு முன் காய்ச்சல், முதுகுவலி என்று எடுத்த எம்.சி., அதாவது மருத்துவச் சான்று காட்டி எடுக்கும் சாதாரண நோய் விடுப்பு, 14 நாள். நிர்வாகம் இரண்டையும் கூட்டி 66 என்றது. சட்டம் தருவது 60தான், மிச்சம் உன் பாடு என்று கையை விரித்துவிட்டது.

கூட்டல் சரி, சட்டம்தான் பழையது. மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்துக்கு 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, மருத்துவமனை விடுப்பு 60 நாள் தனி. எம்.சி. தனி: வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டு நிறையாதவருக்கு 14, ஐந்து ஆண்டு நிறையும்வரை 18, அதன்பின் 22. இவர் கணக்கில் ஒரு சென் பிடிக்க வழியில்லை. அதே திருத்தத்தில் வந்த 98 நாள் பிரசவ விடுப்பையும் 7 நாள் தந்தையர் விடுப்பையும் ஊரே பேசியது. இது மட்டும் எப்படியோ யார் கண்ணிலும் படவில்லை.

நிர்வாகம் காட்டும் கையேட்டை நானும் பார்த்தேன். அட்டை கிழிந்து செலோடேப் ஒட்டியிருக்கிறது. 'எம்.சி. உட்பட 60' என்ற வரிக்குக் கீழே பென்சில் கோடு வேறு! கம்பெனி விதியாம். சட்டம் தருவதைவிடக் குறைத்துத் தரும் ஒப்பந்த விதி செல்லாது என்று அந்தச் சட்டத்தின் 7ஆவது பிரிவே சொல்கிறது.

நம்மவர்கள் கோட்டை விடும் இடமும் ஒன்று உண்டு. விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்காவிட்டால், சொல்லாமல் மட்டம் போட்டதாகவே சட்டம் கொள்ளும். இதில் எங்கள் மாப்பிள்ளை கெட்டிக்காரர். முதல் நாளே வாட்ஸ்அப்பில் அனுப்பிய கடிதப் படம் இன்னும் கைப்பேசியில் இருக்கிறது.

தொழிலாளர் இலாகாவுக்குப் போவோம் என்றேன். "போனஸ் போடும் நேரம், கொஞ்சம் பொறுங்கள் மச்சான்" என்கிறார். புகாரை எழுதி வைத்துவிட்டேன், தேதிதான் போடவில்லை. அதுவரை, இந்த எண்களைத் தாங்கள் கட்டம் கட்டி வெளியிட்டால், வெட்டி எடுத்து ஆலை அறிவிப்புப் பலகையில் ஒட்ட அங்கே ஆள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பட்டர்வொர்த், பினாங்கு