அமெரிக்கா வரும் நம் பிசியோதெரபிஸ்டுகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

"அமெரிக்க பிசியோதெரபி சங்கமான ஏபிடிஏவில் சேர்ந்துவிட்டேன், இனி வேலை பார்க்கலாம்தானே?" என்று உங்களில் சிலர் கேட்கிறீர்கள். லைசென்ஸ் வாங்கிய சிலரோ, "லைசென்ஸ் தரும் போர்டுக்குப் பணம் கட்டுகிறேனே, சங்கத்துக்கு வேறு எதற்கு?" என்கிறீர்கள். இரண்டுமே எனக்குக் கவலை தருகின்றன.

ஏபிடிஏ 1921இல் மேரி மெக்மிலனை முதல் தலைவராகக் கொண்டு தொடங்கிய சங்கம். அதில் சேராமலும் தொழில் செய்யலாம். லைசென்ஸ் இல்லாமல் முடியாது. அதைக் கொடுப்பதும் பறிப்பதும் மாநில போர்டு. அது நோயாளிகளைக் காக்கச் சட்டம் போட்டு உண்டாக்கிய அமைப்பு. நம் பட்டத்தை மதிப்பிடச் சொல்வதும், லைசென்ஸுக்கான என்பிடிஇ என்ற தேசியத் தேர்வில் 600 மதிப்பெண் எடுக்கச் சொல்வதும் அதற்காகத்தான். எரிச்சலாக இருக்கும், ஆனாலும் அந்தக் கண்டிப்பு தேவை என்றே நினைக்கிறேன்.

போர்டில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் நம் தொழில்காரர்கள். அதனால் அதுவும் நம் சங்கம் மாதிரி என்று தோன்றிவிடுகிறது. ஆனால் அப்படி இல்லை. வட கரோலினாவில் பல் மருத்துவ போர்டு, பல்லை வெண்மையாக்கும் கடைக்காரர்களை விரட்டப் போய், 2015இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. தொழில்காரர்களே நிறைந்த போர்டு, அரசின் மேற்பார்வை இல்லாமல் போட்டியாளர்களைத் தடுக்கக் கூடாது என்பதுதான் விஷயம்.

தசையில் மெல்லிய ஊசி குத்தும் சிகிச்சையான ட்ரை நீட்லிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அது பிசியோதெரபியில் அடங்கும் என்பது ஏபிடிஏவின் நிலை. அதே வட கரோலினாவில் அக்குபங்சர் போர்டு இதை எதிர்த்து வழக்குப் போட்டது. 2018இல் மாநில உச்ச நீதிமன்றம் பிசியோதெரபி போர்டின் பக்கம் நின்றது. ஆனால் கலிபோர்னியாவில் பிசியோதெரபிஸ்ட் அந்த ஊசியைத் தொடக் கூடாது. சங்கம் ஒன்றுதான், போர்டுக்குப் போர்டு பதில் வேறு. வார இறுதி வகுப்பில் வாங்கிய சான்றிதழை நம்பி, மாநிலம் மாறிய கையோடு ஊசி எடுத்துவிடாதீர்கள். முதலில் அந்த மாநிலத்தின் பிசியோதெரபி சட்டத்தைப் படியுங்கள். சந்தேகம் இருந்தால் போர்டுக்கே எழுதிக் கேளுங்கள்.

சரி, அப்படியானால் சங்கம் எதற்கு? முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டில் தெரபிக்குத் தரும் தொகைக்கு 1997ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டு உச்சவரம்பு வைத்தது. பக்கவாதம் வந்தவருக்கு அது எப்படிப் போதும்? மற்ற தெரபி சங்கங்களோடு சேர்ந்து ஏபிடிஏ அதை விடாமல் எதிர்த்தது. 2018இல் வரம்பு நீங்கியது. இது எந்த போர்டின் வேலையும் அல்ல. உறுப்பினர்களின் சந்தாவில் நடந்த போராட்டம் அது. சம்பளம் வர ஆரம்பித்ததும் நீங்களும் சேருங்கள்.

அப்புறம் ஒன்று. உங்கள் மேல் புகார் வந்து போர்டிலிருந்து கடிதம் வந்தால், நம் ஆட்கள்தானே என்று மனம்விட்டுப் பேசப் போகாதீர்கள். அங்கே அவர்கள் நோயாளியின் பக்கம். கெடு முடிவதற்குள் உங்களுக்கென்று ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்களுக்கு முன்னே வந்த ஒரு பிசியோதெரபிஸ்ட்