மலாய் பர்மிய மொழியான கதை

அன்புள்ள சேகர்,

உன் இரண்டு கடிதங்களும் மேசையில் கிடந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கின்றன. திட்டுவதைத் தீபாவளிக்கு நேரில் வரும்போது வைத்துக்கொள். வீட்டில் எல்லோரும் நலம். உன் மகளுக்கு ஈப்போவிலேயே வேலை கிடைத்ததில் எங்களுக்கும் நிம்மதி.

செய்தி இதுதான்: எங்கள் நூலகத்தின் மலாய்ப் புத்தகங்கள் அத்தனையும் ஒரே இரவில் பர்மிய மொழிக்கு மாறிவிட்டன. பட்டியலைப் புதிய மென்பொருளுக்கு மாற்ற வந்த பையன் மொழி என்ற இடத்தில் எம்.ஒய். என்று போட்டுவிட்டான். அது மலேசியா என்ற நாட்டின் குறி. மொழிக்குறிகளில் அதே இரண்டெழுத்து பர்மிய மொழிக்குச் சொந்தம்; மலாய்க்கு எம்.எஸ். "மலேசியன் என்று தனி மொழியே மொழிக்குறிகளுக்கான உலகத் தரம் ஐ.எஸ்.ஓ. 639இல் கிடையாது, தம்பி" என்றேன். நான் ஏதோ தேசத்துரோகம் பேசியதுபோல் பார்த்தான்.

அதைத் திருத்தும்போதுதான் ஸ்பெயின்-பிரான்ஸ் எல்லைப் பக்கம் பேசும் பாஸ்க் மொழி வந்து மாட்டியது. மொழியியல் பேராசிரியர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போன பாஸ்க் புத்தகங்கள் கொஞ்சம் இங்கே உண்டு. நூலகப் பதிவின் 008 என்ற புலத்தில் 35 முதல் 37 வரையான இடங்கள் மொழிக்குறி என்று நம் மீசைக்கார வாத்தியார் தூக்கத்தில் எழுப்பிக் கேட்பாரே, அந்த மூன்று இடங்களில் பாஸ்க் பி.ஏ.க்யூ., மலாய் எம்.ஏ.ஒய். புதிய மென்பொருளுக்கோ ஈ.யு.எஸ்., எம்.எஸ்.ஏ. என்றிருக்க வேண்டும். நூலகங்கள் ஆங்கிலப் பெயரையொட்டிப் பழகிய குறி ஒன்று, மற்றவர்களுக்கு இன்னொன்று என்று மூன்றெழுத்தில் இரட்டைக் குறி பெற்ற 20 மொழிகளில் இவை இரண்டும் அடக்கம். தமிழுக்கு டி.ஏ.எம். ஒன்றே ஒன்று. பிழைத்தோம்.

பாஸ்க் வேலை டீ ஆறுவதற்குள் முடிந்தது. மலாய் இன்னும் முடியவில்லை. என்ன அநியாயம் பார். பாஸ்க்குக்கு உலகத்தில் உறவு மொழியே இல்லை. அதற்குள் வட்டார வழக்குகள் உண்டு. பிரான்ஸ் பக்கத்து சூலே வழக்குக்கு முன்பு தனிக் குறிகூட இருந்தது, பிறகு அதையும் ஈ.யு.எஸ்.ஸில் சேர்த்துவிட்டார்கள். 1968இல் தங்கள் நாட்டின் அராந்த்சாசுவில் கூடிப் பொது எழுத்து வழக்குக்கு அடித்தளம் போட்டவர்கள் பாஸ்க் மொழிக்காரர்கள். ஒரு பெயர், ஒரு குறி, கதை முடிந்தது.

மலாய் பெரிய கூட்டுக்குடும்பம், பாகப்பிரிவினை இன்னும் தீரவில்லை. 2007இல் வந்த அந்தத் தரத்தின் மூன்றாம் பகுதி, 639-3, எம்.எஸ்.ஏ.வை ஒரு மொழியாகவே வைக்கவில்லை, பல மொழிகளை அடக்கிய பெருமொழி என்கிறது. பள்ளிக்கூட மலாய்க்கு இசட்.எஸ்.எம். உன் மாமியார் ஊர்க் கெடா மலாய்க்குத் தனியாக எம்.ஈ.ஓ. (அவரிடம் சொல்லிவிடாதே, தலைகால் புரியாது.) சுமத்ராவின் மினாங்கபாவ் மொழி உள்ளே, இந்தோனேசியமும் உள்ளே. ஆனால் இந்தோனேசியத்துக்கு மட்டும் ஐ.டி. என்று சொந்தமாக இரண்டெழுத்து உண்டு, மினாங்கபாவுக்கு அது இல்லை. இலக்கணம் பார்த்துக் கொடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை. தனி நாடும் ஆட்சிமொழிப் பட்டமும் இருந்தால் குறி தேடி வருகிறது.

விளைவு என்ன தெரியுமா? மலாய் என்று தேடினால் ஜகார்த்தா நாவல்கள் வந்து குவிகின்றன. மென்பொருள் நிறுவனம் "தரப்படி சரிதான்" என்று கையை விரிக்கிறது. எங்கள் தலைமை நூலகர் எல்லாவற்றையும் இசட்.எஸ்.எம். ஆக்கு என்கிறார். 1930களில் ஜாவி என்ற அரபு வழி எழுத்தில் அச்சான பத்திரிகைகள் இருக்கின்றன, சேகர். இன்றைய பள்ளிப் பாடநூலின் முத்திரையை அவற்றின்மேல் குத்த எனக்குக் கை வரவில்லை. எழுத்து ஜாவி என்பதைத் தனிப் புலத்தில் காட்டலாம், மொழி எம்.எஸ்.ஏ. என்றே இருக்கட்டும், இந்தோனேசியத்தை மட்டும் தேடலில் பிரித்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பிடிவாதக்காரன் என்று பெயர் வாங்கியாயிற்று.

உன்னிடம் ஒரு காரியம் ஆக வேண்டும். சில பதிவுகளில் இந்தோனேசியம் ஐ.என். என்று வருகிறது. அது 1989இலேயே கைவிடப்பட்ட குறி. ஜாவா நிரல்மொழியின் பழைய பதிப்புகள் ஐ.டி.யை ஐ.என். ஆக்கிவிடும் என்று நீதான் ஒருமுறை புலம்பினாய். எந்தப் பதிப்பிலிருந்து அது சரியானது, அமைப்பில் எதை மாற்ற வேண்டும் என்று இரண்டு வரி எழுது. அடுத்த செவ்வாய்க்கிழமை அந்த நிறுவனத்தாரோடு கூட்டம், அதற்குள் வேண்டும்.

அன்புடன்,
மணியம்