வீரன் உன்னைத் திரும்பிப் பார்க்க

அன்புள்ள செல்வத்துக்கு,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை அமைந்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம்.

உன் நாய் வீரன் வீட்டுக்குள் பேர் சொன்னதும் ஓடி வருகிறான், தெருவில் இறங்கினால் திரும்பியே பார்ப்பதில்லை, நாலு அடி போடலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் செல்வம். அடிபட்ட நாய் உன் கையைப் பார்த்து ஒதுங்குமே தவிர, முகத்தைப் பார்க்காது. அவன் சிப்பிப்பாறை, முயலைக் கண்ணால் கண்டு விரட்டவே வளர்த்த இனம். தூரத்தில் ஒரு பூனை அசைந்தால் போதும், மற்றதெல்லாம் மறந்துவிடும். அந்த நேரத்தில் 'வீரா, வீரா' என்று கத்திக்கொண்டே இருந்தால், பேரைக் கேட்டும் சும்மா இருக்கப் பழகிவிடுவான். ஒரு தடவைக்கு மேல் கூப்பிடாதே.

முதலில் வீட்டுக்குள். உப்பு, மசாலா, வெங்காயம் சேர்க்காமல் வேகவைத்த கோழிக்கறியைப் பட்டாணி அளவில் நறுக்கிக்கொள். சாப்பாட்டுக்கு முன்பு ஒரு துண்டை உள்ளங்கையில் மூடி, கையைப் பக்கவாட்டில் நீட்டு. கையை மோப்பம் பிடிப்பான், நக்குவான், பிறாண்டுவான். நீ பேசாமல், அசையாமல் இரு. கிடைக்கவில்லையே என்று உன் முகத்தை ஏறிட்டுப் பார்ப்பான். அந்த நொடியே 'சரி' சொல்லிக் கறியைக் கொடு. இரண்டு நொடி தாமதித்தால், அவன் மறுபடி தலையைத் திருப்பியதற்குக் கூலி கொடுத்ததாகிவிடும். ஒரு வேளைக்கு மூன்று நிமிடம், தினம் மூன்று வேளை போதும். 10 தடவைக்கு 8 தடவை உடனே பார்க்கும்வரை வாசலைத் தாண்டாதே.

பிறகு மாடி, வாசல், கடைசியில்தான் தெரு. எல்லோரும் அவசரப்படுவது இங்கேதான். தெருநாயைக் கண்ட பிறகும் கறியை எந்தத் தூரத்தில் வாங்கித் தின்கிறானோ, அங்கிருந்து தொடங்கு. 30 மீட்டர் ஆனாலும் சரி. மூக்கருகே நீட்டியும் சீண்டவில்லையென்றால் கறியில் குறையில்லை, நீதான் ரொம்ப நெருங்கிவிட்டாய். வாயை மூடி, காதை நிமிர்த்தி, உடம்பு விறைத்து நின்றான் என்றால் அடுத்தது பாய்ச்சல்தான். அதற்கு முன்பே பின்வாங்கு.

பார்ப்பதைத் தடுக்காதே. பார்த்துவிட்டுத் தானாக உன் பக்கம் திரும்பினால் இரண்டு மூன்று துண்டாகக் கொடு, அதுவும் உன் காலோரத்தில். சில தடவை கறிக்குப் பதில் 'போ' என்று புதரை முகர விடு. இந்த இனத்துக்கு அது கறியைவிடப் பெரிய பரிசு.

கழுத்துப்பட்டையை நம்பாதே, தலை ஒடுங்கியது, உருவிக்கொண்டு போய்விடுவான். மார்புப் பட்டையில் 5 மீட்டர் கயிறு கட்டு. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதே, பாய்ந்தால் விரல் போய்விடும். காலை ஆறு மணிக்கே கூட்டிப்போ. வெயிலில் இரைக்க ஆரம்பித்தால் எதையும் கற்க மாட்டான்.

தம்பி வெள்ளை ராஜபாளையம் குட்டி வாங்கப்போவதாக எழுதியிருந்தாய். வெள்ளை நாய்களில் பிறவியிலேயே காது கேளாதவை உண்டு. குட்டியைத் தனியாகப் பிரித்து, அது பார்க்காதபோது பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்கிப் பார்க்கச் சொல். கூட்டத்தோடு வைத்துப் பார்த்தால், மற்ற குட்டிகள் திரும்புவதைக் கண்டு செவிட்டுக் குட்டியும் திரும்பிவிடும்.

வீரன் மாடிக்கு வந்ததும் எழுது.

அன்புடன்,
மாணிக்கம்