சக்கரம் சரி, ஏற்றுவது எப்படி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பல வருடங்கள் லோடு ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தவன் நான். முதுகு மக்கர் செய்ய ஆரம்பித்த பிறகு வெல்டிங் பக்கம் ஒதுங்கிவிட்டேன். டிராலியைத் தள்ளியும் இருக்கிறேன், உடைந்த டிராலியை ஒட்டவைத்தும் இருக்கிறேன் என்பதால், அதைப் பற்றிக் கொஞ்சம் எழுதலாம் என்று தோன்றியது. நான் சொல்வது அந்த இரண்டு சக்கர டிராலியை. நிமிர்ந்த சட்டம், அடியில் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு தகடு, பின்னால் இரண்டு சக்கரம், அவ்வளவுதான்.

ஃபிரிட்ஜை டிராலியில் வைத்து ஒருவர் தள்ளிக்கொண்டு போவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்த ஃபிரிட்ஜ் டிராலிமேல் எப்படி ஏறியது என்று நின்று பார்த்தவர்கள் குறைவு. ஒருவர் மேலே பிடித்துச் சாய்க்க, இன்னொருவர் குனிந்து தகட்டைச் சொருக, "கொஞ்சம் இந்தப் பக்கம், இன்னும் கொஞ்சம், ஐயோ விரல்" என்று ஒரு பாடு பட்டுத்தான் ஏற்றுவோம். என் இடது கையில் ஒரு நகம் இன்றைக்கும் கோணலாகத்தான் வளர்கிறது. அது டிராலியைத் தள்ளும்போது வந்தது இல்லை, தகட்டைச் சொருகும்போது வந்தது. ஏறிவிட்ட பிறகு சின்னப் பையன்கூடத் தள்ளுவான்.

இந்த டிராலியை வடிவமைப்பவர்கள் எல்லோரும் சுமை ஏறிய பிறகு நடப்பதைப் பற்றியே யோசிக்கிறார்கள். 200 கிலோ தாங்கும், 300 கிலோ தாங்கும் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. தாங்கட்டும், அந்த 200 கிலோவை அதன்மேல் யார் ஏற்றுவது?

முதலில் சாய்ப்பதை எடுத்துக்கொள்வோம். டிராலி ஒரு நெம்புகோல், அச்சுதான் அதன் தாங்குபுள்ளி. சுமையின் எடை முழுவதும் அதன் ஈர்ப்பு மையத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால், அந்த மையம் அச்சுக்கு எவ்வளவு முன்னால் இருக்கிறதோ அவ்வளவு பலமாக நாம் கைப்பிடியை இழுக்க வேண்டும். 100 கிலோ எடை, 60 செ.மீ. ஆழம் உள்ள ஒரு பெட்டி என்று வையுங்கள். மையம் சட்டத்திலிருந்து 30 செ.மீ. முன்னால் இருக்கும். பெரும்பாலான டிராலிகளில் அச்சு சட்டத்துக்குப் பின்னால் 10, 12 செ.மீ. தள்ளி இருக்கிறது, ஏனென்றால் சக்கரம் பெட்டியில் இடிக்கக் கூடாது. ஆக மொத்தம் 42 செ.மீ. கைப்பிடி அச்சிலிருந்து 110 செ.மீ. உயரத்தில் இருந்தால், சாய்க்கத் தொடங்கும் அந்த முதல் நொடியில் சுமார் 38 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு வேண்டும். அதே அச்சைச் சட்டத்துக்குப் பின்னால் 4 செ.மீ.யில் கொண்டுவந்து வைத்தால் 31 கிலோ போதும். கைப்பிடியை 130 செ.மீ.க்கு உயர்த்தினால் 26. மோட்டார் இல்லை, பேட்டரி இல்லை, குழாயை வேறு இடத்தில் வெட்டி ஒட்டியதற்கு 12 கிலோ மிச்சம். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது முறை சாய்ப்பவருக்கு அது எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

அச்சை இன்னும் முன்னால் தள்ளினால் என்ன என்று கேட்கலாம். நானும் தள்ளிப் பார்த்தேன். காலியாக நிறுத்தினால் டிராலி பின்பக்கம் மல்லாந்து விழுகிறது, ஏனென்றால் அதன் சொந்த எடை அச்சுக்குப் பின்னால் போய்விடுகிறது. சக்கரங்களையும் சட்டத்துக்கு வெளியே அகலமாக வைக்க வேண்டியிருக்கும், அப்புறம் கதவில் நுழையாது. ஆகவே இதற்கு ஓர் எல்லை உண்டு, ஆனால் இப்போது விற்கிறவை அந்த எல்லைக்கு ரொம்பத் தள்ளியே நிற்கின்றன. அச்சு எங்கே இருக்க வேண்டும் என்பது ஒன்றும் புதுக் கேள்வி இல்லை. சீனாவின் பழைய ஒற்றைச் சக்கர வண்டியில் பெரிய சக்கரம் நடுவில் இருக்கும், சுமை அதன் மேலும் இருபுறமும் ஏறும், எடையைச் சக்கரமே தாங்கிக்கொள்ளும். ஐரோப்பிய வகையில் சக்கரம் முன்னால் போய்விட்டதால் பாதிச் சுமை தள்ளுகிறவன் கையில் விழுகிறது. மண் அள்ளும் ஒற்றைச் சக்கர வண்டியைத் தள்ளியவர்களுக்குத் தோள்பட்டையே சொல்லும்.

காலுக்கு மிதி வைப்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். கைப்பிடியை இழுத்தால் டிராலி சாய்வதற்குப் பதில் நம்மை நோக்கி உருண்டு வரும், அதனால் எல்லோரும் அச்சின்மேல் காலை முட்டுக்கொடுத்துத்தான் சாய்க்கிறோம். அந்த இடத்தில் பெரும்பாலும் வழவழவென்று ஒரு கம்பிதான் இருக்கிறது. மழைநாளில் செருப்புக்கால் அதில் நிற்காது. சொரசொரப்பான ஒரு பட்டைத் தகட்டை அங்கே ஒட்டுவதற்குப் பத்து நிமிடம் ஆகாது.

அடுத்தது அந்த அடித்தகடு. எனக்குத் தீராத கோபம் இதன்மேல்தான். நுனியிலிருந்து மூட்டுவரை ஒரே தடிமன், நுனி மொண்ணையாக ஒரு சுவர் மாதிரி நிற்கும். அதனால்தான் பெட்டியைத் தூக்கிப் பிடிக்க ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. சரி, தகட்டை மெல்லிசாக்கினால் போயிற்று என்று நினைத்தால் அதுவும் நடக்காது, தடிமனைப் பாதியாக்கினால் வளையாமல் நிற்கும் திறன் எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆனால் சுவரில் செருகிய பலகையின் நுனியில் ஒருவர் ஏறி நின்றால் அது எங்கே முறியும்? சுவரோடு ஒட்டிய இடத்தில். நுனிக்கு அவ்வளவு பலம் தேவையே இல்லை. அப்படியென்றால் மூட்டில் தடிமனாகவும் நுனியில் அரிவாள்மணை மாதிரி இல்லாவிட்டாலும் ஒரு கரண்டி மாதிரியாவது மெலிந்தும் இருக்கலாமே. சப்பையான கடப்பாரை ஏன் சுலபமாகக் கல்லுக்கு அடியில் போகிறது என்பது கடப்பாரை பிடித்தவனுக்குத் தெரியும், டிராலி செய்கிறவருக்கு மட்டும் ஏனோ தெரியவில்லை. தகட்டின் முன்விளிம்பைக் கிரைண்டரில் சரிவாகச் சீவிவிட்டாலே பாதி வேலை முடிந்துவிடும், அதற்கப்புறம் பெட்டியை விரல் அளவு அசைத்தால் போதும், தகடு தானாக நுழையும். ஓரங்களை மழுக்கிவிட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கணுக்கால் கிழியும்.

இந்தச் சொருகும் தொல்லையே இல்லாத ஒரு டிராலி ஏற்கெனவே இருக்கிறது. 200 லிட்டர் டிரம்மைத் தூக்குவதற்கென்றே செய்த டிரம் டிராலி. அதில் மேலே ஒரு கொக்கி இருக்கும், டிரம்மின் மேல் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். கைப்பிடியைச் சாய்த்தால் கொக்கி மேலிருந்து இழுக்க, கீழே இரண்டு சின்ன விரல் போன்ற தகடு தாங்கிக்கொள்ளும். தண்ணீர் நிறைந்த டிரம் 200 கிலோவுக்கு மேல் வரும், பழகிய ஆள் ஒருவரே அதைச் சாய்த்து எடுத்துவிடுவார். யாரோ ஒரு புண்ணியவான் தள்ளுவதைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் ஏற்றுவதைப் பற்றி யோசித்திருக்கிறார். ஃபிரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் விளிம்பு இல்லை, கொக்கி மாட்ட முடியாது, வாஸ்தவம்தான். ஆனால் சட்டத்தின் மேல்பகுதியிலேயே ஒரு ராட்செட் பெல்ட்டை (பிடியை ஆட்ட ஆட்ட இறுகி, தளராமல் நிற்கும் பட்டை) நிரந்தரமாகப் பொருத்தி, சாய்ப்பதற்கு முன்பே பெட்டியைச் சுற்றி இறுக்கினால் அந்தக் கொக்கியின் வேலையை அது செய்யும். கடைகளில் பெல்ட் தனியாக விற்கிறார்கள், அது முதல் வாரத்திலேயே காணாமல் போய்விடுகிறது.

வாஷிங் மெஷின் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. முன்பக்கம் கதவுள்ள மெஷின்களுக்குள் துள்ளாமல் இருக்கக் கான்கிரீட் கட்டியோ வார்ப்பிரும்புக் கட்டியோ வைத்திருப்பார்கள். எடை நட்டநடுவில் இருக்கும் என்று நம்பிச் சாய்த்தால் ஒரு பக்கம் இழுக்கும். ஃபிரிட்ஜில் கம்ப்ரஸர் பின்னால் அடியில் உட்கார்ந்திருக்கும், அதனால் பக்கவாட்டிலிருந்து டிராலியைக் கொடுப்பதுதான் வழக்கம், பின்பக்கக் குழாயும் நசுங்காது, கதவும் கீறாது. சுமை எல்லாம் ஒரே மாதிரிக் கட்டை என்று கணினியில் வரைகிறவர்கள், வரைவதற்கு முன்னால் இப்படி நான்கு சாமான்களையாவது சாய்த்துப் பார்க்க வேண்டும்.

சக்கரத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், அதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்களே. ஒரே ஒரு கணக்கு. 2 செ.மீ. உயரமுள்ள ஒரு வாசற்சட்டத்தில் 100 கிலோ சுமையோடு முட்டி நிற்கிறீர்கள். சக்கரத்தின் விட்டம் 15 செ.மீ. என்றால் அதை ஏற்றிக் கடக்க, உரசலை விட்டுவிட்டாலே, 93 கிலோ அளவுக்கு நேராகத் தள்ள வேண்டும். விட்டம் 25 செ.மீ. என்றால் 65. அதனால்தான் சின்னச் சக்கர டிராலியோடு வருகிறவர்கள் வாசலில் திரும்பி நின்று பின்பக்கமாக இழுக்கிறார்கள், அப்போது இழுப்பில் ஒரு பகுதி மேல்நோக்கிப் போகும். காற்றடைத்த டயர் கரடுமுரடான தரைக்கு சுகம், ஆனால் ஒன்றில் காற்று இறங்கினாலும் வண்டி அந்தப் பக்கமே போகும். பஞ்சர் ஒட்டப் பொறுமை இல்லாதவர்கள் கெட்டி ரப்பரோடு இருந்துவிடலாம்.

மாடிப்படிக்கு என்று மூன்று சக்கரத்தை முக்கோணமாகக் கோர்த்த டிராலி வருகிறதே, பார்க்க ஜோராக இருக்கும். படியின் உயரம் அந்த முக்கோணத்துக்குப் பொருந்தினால் அருமையாக ஏறும், பொருந்தாவிட்டால் பாதியில் வழுக்கி ஒரு படி கீழே வந்து நிற்கும், சுமையோடு. சமதரையில் பக்கத்துக்கு இரண்டு சக்கரம் தரையைத் தொடுவதால் தானாக நிற்கும், ஆனால் திருப்பும்போது தேய்த்துக்கொண்டுதான் திரும்பும். தினமும் ஒரே கட்டடத்தின் ஒரே படியில் ஏறுகிறவர் வாங்கலாம். மற்றவர்களுக்குச் சட்டத்தின் பின்பக்கம் இரண்டு நீளமான வழுக்குப் பட்டை இருந்தால், படி விளிம்பில் சறுக்கியே இறக்கிவிடலாம். படியோ சரிவோ, ஆள் மேல்பக்கம், சுமை கீழ்ப்பக்கம். இதை மாற்றிச் செய்த ஒருவரை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

லோடு வண்டியின் தளத்துக்கு ஏற்றுவதுதான் கடைசிச் சோதனை. தளம் 90 செ.மீ. உயரம் என்றால் 270 செ.மீ. நீளப் பலகையைச் சாய்த்து வைத்து இழுக்கும்போது எடையில் மூன்றில் ஒரு பங்கு கைக்கு வரும், 100 கிலோவுக்கு 33, அதோடு உரசல். பலகையைக் குட்டையாக்கினால் அது ஏறிக்கொண்டே போகும். டிராலியிலேயே கையால் சுற்றிக் கயிற்றை இழுக்கும் ஒரு வின்ச் வைத்துத் தூக்கினால் என்ன என்று பலருக்குத் தோன்றியிருக்கிறது, எனக்கும் தோன்றியது. 25 செ.மீ. கைப்பிடி, 2.5 செ.மீ. ஆரமுள்ள உருளை, நடுவில் நாலுக்கு ஒன்று கியர் என்றால் கணக்குப்படி நாற்பது மடங்கு கிடைக்கும், உரசலில் கொஞ்சம் போனாலும் ஒரு கையால் சுற்றலாம். 90 செ.மீ. தூக்கச் சுமார் 23 சுற்று. கையை எடுத்தால் சுமை கீழே வராமல் பல்சக்கரத்தில் விழும் ஒரு கொக்கி கட்டாயம் வேண்டும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சுமை மேலே போகப் போக மொத்த எடையும் முன்னால் கவிழப் பார்க்கும், அதைத் தாங்க முன்பக்கம் இரண்டு கால் நீட்ட வேண்டும், கால் நீட்டினால் வண்டிக்கு அடியில் அது நுழைய இடம் வேண்டும், எல்லாம் சேர்த்தால் டிராலியின் எடையே ஒருவர் தூக்க முடியாத அளவுக்குப் போய்விடும். அந்த டிராலியை வண்டியில் ஏற்ற இன்னொரு டிராலி வாங்க வேண்டியதுதான்!

மோட்டாரும் பேட்டரியும் வைத்துச் செய்கிறவர்கள் இந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் எதிர்ப்பவன் இல்லை, காசு இருந்தால் நானே வாங்குவேன். ஆனால் அச்சைச் சரியான இடத்தில் வைக்காமல் மோட்டார் வைப்பது, ஓட்டைக் குடத்துக்குப் பெரிய குழாய் போடுகிற மாதிரி.

தூக்குவதற்கான எல்லை ஒன்றும் இல்லாமல் இல்லை. வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் (NIOSH) நிறுவனம் 1991இல் திருத்திய கணக்குப்படி, நிற்கும் நிலை, பிடிமானம், தூரம் எல்லாமே சாதகமாக இருந்தால்கூட ஒருவர் தூக்க 23 கிலோதான் பரிந்துரை. சுமை உடம்பிலிருந்து 50 செ.மீ. தள்ளியிருந்தால் அதுவும் பாதியாகிவிடும். பெட்டியின் ஓரத்தைக் கையை நீட்டித் தூக்கிக்கொண்டே காலால் தகட்டைத் தள்ளுகிறோமே, அது கிட்டத்தட்ட அந்த நிலைதான். 1967இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தன் பரிந்துரையில், ஆண் தொழிலாளி ஒருவர் சுமக்கும் அதிகபட்ச எடை 55 கிலோவுக்கு மேல் இருந்தால் அதைச் சீக்கிரம் குறைக்க வேண்டும் என்று எழுதியது. இந்த எண்கள் எல்லாம் ஆளுக்குத்தான். டிராலியில் ஒட்டும் ஸ்டிக்கரிலும் ஓர் எண் சேர்க்கலாம்: இத்தனை கிலோ சுமையைச் சாய்க்க இத்தனை கிலோ இழுப்பு வேண்டும் என்று. வாங்குகிறவர் தன் கைக்கு ஏற்றதைப் பார்த்து வாங்கட்டும்.

போன மாதம் என் பழைய டிராலியின் அச்சை வெட்டி 8 செ.மீ. முன்னால் கொண்டுவந்து ஒட்டினேன், தகட்டின் நுனியைச் சீவினேன், காலுக்கு ஒரு பட்டை வைத்தேன். முதல் வெல்டிங் மூன்றாம் நாள் விரிசல் விட்டது, முட்டுத்தகடு வைக்காதது என் தப்பு. வைத்து மறுபடி ஒட்டியது இன்றுவரை நிற்கிறது. நேற்று ஒரு வாஷிங் மெஷினைத் துணைக்கு ஆள் இல்லாமல் நானே ஏற்றினேன். இறக்கும்போது மட்டும் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட வேண்டியிருந்தது. சாமானைத் தரையில் வைத்த பிறகு தகட்டை அடியிலிருந்து உருவுவதற்கு இன்னும் எனக்கு வழி தெரியவில்லை. தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் உங்கள் பத்திரிகைக்கு எழுதட்டும், படித்துவிட்டு அன்றைக்கே செய்து பார்த்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய லோடுமேன்