கிழக்குப் பாதையின் பூட்டு: வனத்துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வனத்துறை அலுவலர் அய்யா அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊர்ப் பெயரை இந்த மடலில் எழுதவில்லை. எழுதாமலே உங்களுக்குத் தெரியும். இரண்டு மனு கொடுத்திருக்கிறோம். கிராம சபையில் தீர்மானம் போட்டு அனுப்பியிருக்கிறோம். ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் பஸ் மாறி மாறிப் போய்த் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நின்றுவிட்டு வந்தார்கள். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. அதனால் பூட்டு எப்போது வந்தது, யார் போட்டது என்பதையெல்லாம் திரும்பச் சொல்லப் போவதில்லை. கொடைக்கானல் மலையில் ஒரு பள்ளத்தாக்கில் இருக்கும் எங்கள் ஊருக்கு மேற்கே ஒன்று, கிழக்கே ஒன்று என்று இரண்டு காலடிப் பாதைகள். கிழக்குப் பாதையில் இப்போது ஒரு கதவும் பூட்டும். ஒன்றே ஒன்றைத்தான் கேட்கிறேன். கிழக்குப் பாதைக் கதவை எங்கள் ஊர் ஆட்களுக்குப் பூட்டாதீர்கள்.

நான் அந்த ஊரில் பிறந்தவன். இப்போது கொடைக்கானலில் ஒரு காய்கறி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். அம்மா ஊரில்தான் இருக்கிறார். வரச் சொன்னாலும் வர மாட்டார். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு சாமான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு காலை ஆறரைக்கு மேற்குப் பாதையில் இறங்குவேன். முதல் அரை மணி நேரம் சோலைக்குள் நடை. வெயில் தரையில் படாது. கிளைகளில் பாசி தாடி மாதிரித் தொங்கும். மழை நாளென்றால் புகையிலைத் தூளைக் காலில் தடவிக்கொண்டுதான் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் ஓடைக்குப் போய்ச் சேருவதற்குள் பத்து அட்டையாவது ஏறியிருக்கும். ஓடைக்கு முன்னால் ஒரு வளைவில் கருமந்திக் கூட்டம் இருக்கும். ஆள் வருவது தெரிந்ததும் பெரியது ஒன்று குரல் கொடுக்கும், பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும். அந்தச் சத்தத்தை வைத்தே அம்மா உலையை ஏற்றிவிடுவார். பூண்டு ரசம், அவரைக்காய், கடுங்காப்பி. மூன்று மணிக்குக் கிளம்பிக் காப்பித் தோட்டம் வழியாக ஏறி, தைல மரக்காட்டைத் தாண்டினால் ரோடு. ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம்.

ஒரு பாதையில் இறங்கி மறு பாதையில் ஏறும் இந்த வட்டத்தைத்தான் இப்போது வெளியூர்க்காரர்கள் ஒரு நாள் மலைநடையாக வந்து நடக்கிறார்கள். வரட்டும். அழகான வழிதான், அவர்களுக்கும் அதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்கட்டும். ஆனால் எங்கள் பெரியவர்கள் அழகுக்காக இரண்டு பாதை போடவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மேற்கே ஓடை பெருகிவிடும். இடுப்பளவுத் தண்ணீரில் கயிறு கட்டிக்கூட இறங்க முடியாது. ஓடை வந்துவிட்டால் கிழக்கே போ என்றுதான் எங்களைச் சின்ன வயதிலேயே பழக்கினார்கள். பள்ளிக்கூடம் கிழக்கே. ஆரம்ப சுகாதார நிலையம் கிழக்கே. பிணம் தூக்கி வந்ததும் கிழக்கே. ஒன்று அடைந்தால் இன்னொன்று திறந்திருக்கும், அதற்குத்தான் அந்த வட்டம். ஒரு பக்கத்தைப் பூட்டிவிட்டால் மழைக்காலத்தில் ஊரே பொறிக்குள் மாட்டிக்கொள்கிறது.

போன ஐப்பசியில் அதுதான் நடந்தது.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-இல் வந்தபோது எங்கள் ஊரில் உண்மையாகவே சந்தோஷப்பட்டார்கள். பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை வாங்க மாதா மாதம் மலையேறி இறங்கிய கிழவிகளுக்கு மாத்திரை வீடு தேடி வந்தது. கொண்டு வருகிற அக்காவுக்கு ஊரில் எல்லார் வீட்டிலும் சாப்பாடு உண்டு. நல்ல மழையிலும் குடையும் பையுமாக ஏறி இறங்கியவர் அவர். அன்றைக்கு ஓடையில் தண்ணீர். கிழக்கே வந்திருக்கிறார். கதவு பூட்டிக் கிடந்திருக்கிறது. காவலுக்கு நின்ற தம்பியிடம் சாவி இல்லை. மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சாவடியில் சாவி இருந்தது, அங்கே இருந்தவர் அனுமதிக் கடிதம் கேட்டார். மாத்திரைப் பையைத் திறந்து காட்டியிருக்கிறார். அடையாள அட்டையைக் காட்டியிருக்கிறார். பட்டியலில் பேர் இல்லை, விட முடியாது என்று பதில்.

அவர் அந்தக் கதவு ஓரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தபோதே பதிவு செய்து வந்த ஒரு குழு வந்திருக்கிறது. பன்னிரண்டு பேர். கையில் அச்சடித்த தாள். சாவியும் வந்தது, கதவும் திறந்தது. அவர்கள் உள்ளே போனதும் மறுபடி பூட்டு.

அந்தக் குழுவில் வந்த ஒரு பெண் மட்டும் நின்று, என்ன விஷயம் என்று கேட்டிருக்கிறார். அக்கா மாத்திரைகளை வீட்டுக்கு வீடு பிரித்து, பழைய செய்தித்தாளில் மடித்து, ஒவ்வொரு மடிப்பிலும் பேனாவால் பேரெழுதி, கம்பிக்கு இடையில் நீட்டிக் கொடுத்திருக்கிறார். முன்பின் தெரியாத அந்தப் பெண் மலைநடைப் பையில் வைத்து அத்தனையையும் ஊருக்குக் கொண்டு வந்து சேர்த்தார். அம்மாவுக்கு வந்த பொட்டலத்தை நான் வைத்திருக்கிறேன். மழை ஈரத்தில் மை கலைந்து பேரில் பாதி அழிந்திருக்கிறது. அதற்கு முந்தைய பதினோரு நாள் அம்மா மாத்திரை இல்லாமல்தான் இருந்திருக்கிறார். தலை சுற்றுகிறது என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை, சொன்னால் ஓடையில் இறங்கி வந்துவிடுவேன் என்ற பயம்.

அய்யா, அந்தப் பெண்ணுக்கு நான் ஆயுளுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். ஆனால் அரசாங்கம் கொடுத்த மாத்திரையை அரசாங்கம் போட்ட கதவுக்கு வெளியே நிறுத்தி வைத்துவிட்டு, நடந்து பார்க்க வந்த ஒருவருடைய இரக்கத்தில் எங்கள் ஊர்க் கிழவிகள் உயிரோடு இருக்க வேண்டுமா? இதைக் கேட்கும்போது எனக்குக் கை நடுங்குகிறது. மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

காவலுக்கு நின்ற தம்பியைத் தயவு செய்து எதுவும் கேட்காதீர்கள். அவனும் மலைப் பையன்தான். அன்று இரவு என் நம்பருக்குக் கூப்பிட்டு அண்ணே, என்னால் எதுவும் பண்ண முடியவில்லை என்று அழுதான்.

கட்டுப்பாடு எதற்கு வந்தது என்பது எங்களுக்கும் தெரியும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணியில் மலைநடைக்குப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்துபோனார்கள். மலையில் இருக்கிற யாரும் அந்த நாளை மறக்கவில்லை. யார் எங்கே போகிறார்கள் என்று தெரியாமல் ஆட்களைக் காட்டுக்குள் விடக்கூடாது. தீக்காலத்தில் மலைநடையை நிறுத்தி வைப்பதும் சரியே. 2024-இல் அரசே நாற்பது பாதைகளைத் தேர்ந்தெடுத்து, முன்பதிவும் வழிகாட்டியுமாக நடக்கலாம் என்று ஏற்பாடு செய்ததையும் நல்லது என்றுதான் சொல்கிறேன். இதெல்லாம் வெளியில் இருந்து வருகிறவர்களுக்கான விதி. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களையும் அதே பட்டியலில் தேடினால் எப்படி?

சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. 1972-ஆம் வருடத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள் என்று உங்களுக்கே சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனாலும் சொல்கிறேன். சரணாலய எல்லைக்குள் நிலம், வீடு என்று அசையாச் சொத்தில் உரிமை உள்ளவரும் அவரைச் சார்ந்தவர்களும் உள்ளே போக அனுமதிச் சீட்டு வேண்டியதில்லை என்று அதில் இருக்கிறது. 2006-இல் வந்த வன உரிமைச் சட்டம் அதற்கும் மேலே போய், காலங்காலமாகக் காட்டில் வாழ்கிறவர்களின் உரிமையை எழுத்திலேயே ஏற்றுக்கொண்டிருக்கிறது. எங்கள் ஊரில் பளியர் பழங்குடிக் குடும்பங்களும் இருக்கின்றன. இந்தப் பாதைக்கு அவர்களைவிடப் பழைய சொந்தக்காரர் யார்? 2024 மே மாதத்தில் கொடைக்கானலுக்கு வருகிற வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற இணைய அனுமதிச் சீட்டு வந்தபோதுகூட உள்ளூர் வண்டிகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். வண்டிக்குக் கிடைத்த விலக்கு எங்கள் காலுக்குக் கிடைக்கவில்லை.

இன்னொன்று. இது மனுக்களில் விட்டுப்போனது. தை மாதம் பொங்கல் கழிந்ததும் வீட்டுக்கு ஓர் ஆள் வீதம் அரிவாளும் மண்வெட்டியுமாகப் போய் இரண்டு பாதையையும் வெட்டிச் சீர் செய்வது எங்கள் ஊர் வழக்கம். உண்ணிச்செடியை வேரோடு பிடுங்குவோம். சரிந்த கல்லைத் தூக்கி வைப்போம். தைல மரத்துச் சருகைப் பாதையின் இரண்டு பக்கமும் ஒதுக்கி வெறும் மண்ணாக்கி வைப்போம். அதுவே தீத்தடுப்புக் கோடாகவும் இருந்தது. மாசியில் கீழே பற்றுகிற தீ அந்தக் கோட்டில் வந்து நின்றதை நானே பார்த்திருக்கிறேன். பச்சைக் கொப்பை ஒடித்துக்கொண்டு முதலில் ஓடியதும் எங்கள் ஆட்கள்தான், அதற்குப் பிறகுதான் உங்கள் ஆட்கள் வந்து சேர முடியும், அவ்வளவு தூரம். இப்போது அரிவாளோடு உள்ளே போகக்கூடாது என்கிறார்கள். இரண்டு தை போய்விட்டது. பாதை பாதியாகச் சுருங்கிவிட்டது. பள்ளத்துப் பக்கம் உண்ணிச்செடி ஆள் உயரத்துக்கு நிற்கிறது, உள்ளே காட்டுமாடு படுத்திருந்தால் பத்தடிக்கு வரும் வரை தெரியாது. மனிதர் நடமாட்டத்தைக் குறைத்தால் காடு பிழைக்கும் என்ற எண்ணம் சில இடங்களில் சரியாக இருக்கலாம். இங்கே வெளிநாட்டில் இருந்து வந்த சீகை மரமும் உண்ணிச்செடியும்தான் பிழைக்கின்றன.

மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்த மலையே நடந்து வந்தவர்களால்தான் ஊரானது. 1845-இல் அமெரிக்கப் பாதிரிமார்கள் கொடைக்கானலில் வீடு கட்டியபோது ரோடு எங்கே இருந்தது? 1910-கள் வரைக்கும் அடிவாரத்தில் இருந்து மேலே வர நடை, குதிரை, டோலி, அவ்வளவுதான். அந்த டோலியைத் தூக்கியது இந்த மலையிலும் அடிவாரத்திலும் இருந்தவர்களின் தோள். அவர்கள் மிதித்து மிதித்துப் போட்ட பாதைகள்தான் இன்றைக்கு ரசித்து நடக்கிற பாதைகள். ரோடு போட்டுத் தாருங்கள் என்று நாங்கள் கேட்டதில்லை. சோலைக்குள் ஜேசிபி இறங்கினால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும், ஊரில் பலருக்கு அதில் விருப்பமும் இல்லை. பாலம் கேட்கவில்லை. விளக்குக் கேட்கவில்லை. இருந்த காலடிப் பாதையைத்தான் கேட்கிறோம். எல்லா மலைக்கிராமங்களிலும் இதே கதையாக இருக்கிறது. வருகிறவருக்கு வழிகாட்டிப் பலகை வைக்கிறார்கள், இருக்கிறவரிடம் நீ யார் என்று கேட்கிறார்கள். சோதனைச் சாவடி நோட்டில் என் சொந்த ஊருக்குப் போகும் காரணத்தை எழுதச் சொன்னார்கள். அம்மாவைப் பார்க்க என்று எழுதினேன். எழுதும்போது வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை.

சரி, கோபத்தை விடுகிறேன். கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

கிழக்குப் பாதைக் கதவைக் காலை ஆறில் இருந்து மாலை ஆறு வரை எங்கள் ஊர் ஆட்களுக்குப் பூட்டாதீர்கள். மாத்திரை கொண்டு வருகிற அக்கா, பள்ளிக்கூட வாத்தியார், மின்வாரிய ஆள் என்று ஊருக்கு வேலையாக வருகிறவர்களையும் அதே மாதிரி விடுங்கள். இரவில் அவசரம் என்றால் திறக்க ஒரு சாவி ஊரிலும் இருக்கட்டும். யாரிடம் கொடுப்பது என்பதை நீங்களும் கிராம சபையும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யலாம், நோட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளத் தயார். தை மாதப் பாதை வெட்டுக்கு உங்கள் ஆள் ஒருவரைக்கூட அனுப்புங்கள், அவர் கண் முன்னாலேயே வெட்டுகிறோம். மலைநடை வருகிறவர்களுக்கு என்ன விதி வேண்டுமானாலும் வையுங்கள், அதில் எங்களுக்கு ஒரு பேச்சும் இல்லை. அவர்களுக்குச் சோறாக்கிப் போடுவதில் ஊரில் நாலு வீட்டுக்கு வருமானம்கூட உண்டு.

ஒரு முறை நீங்களே அந்த வட்டத்தை நடந்து பாருங்கள். ஜீப் வேண்டாம். மேற்கே இறங்கி வாருங்கள், அம்மா கையால் ரசம் சாப்பிடலாம். கிழக்கே ஏறும்போது கதவு வரைக்கும் நானும் கூட வருகிறேன். அன்றைக்குச் சாவிக்காரர் இல்லாமல் இருந்தால், போன மாதம் நான் செய்த மாதிரி, இருட்டுவதற்குள் திரும்பி ஊருக்கே இறங்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் தைல மரக்காட்டில் காட்டுமாடு மூச்சு விடுவது கேட்கும், உருவம் தெரியாது.

அடுத்த தவணை மாத்திரை வருகிற இரண்டாம் செவ்வாய்க்கிழமை கொடுக்க வேண்டும். அக்கா காலை ஒன்பது மணிக்குக் கிழக்குக் கதவுக்கு வந்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறார். மண்டியில் லீவு சொல்லிவிட்டேன், நானும் அங்கே இருப்பேன். ஓடையில் இன்னும் தண்ணீர் வடியவில்லை. அதற்குள் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள் அய்யா.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பள்ளத்தாக்கு ஊரில் பிறந்த ஒருவன்