பச்சைத் துண்டுக்காரருக்கும் சேர்த்து

இலுப்பூரிலிருந்து மணப்பாறை வரைக்கும் உள்ள அண்ணன், அக்கா, தம்பி, ஐயாமார் எல்லோருக்கும் வணக்கம்.

காணாமல் போயிருந்த அப்பா வீடு வந்து சேர்ந்து இன்றோடு பன்னிரண்டு நாள். பாதத்தில் இருந்த கொப்புளங்கள் ஆறிவிட்டன. கஞ்சி குடிக்கிறார், ராத்திரியில் தூங்குகிறார். போனில் விசாரித்தவர்களுக்கெல்லாம் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன், பாதிப் பேருக்குப் போனை எடுக்கவே இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அப்பாவுக்கு மூன்று வருடமாக மறதி நோய். சில நாள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், சில நாள் "நீ யாரு புள்ள?" என்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கட்டில் காலி. செருப்பு வாசலில் கிடந்தது, துண்டு கொடியில் தொங்கியது. வேட்டி பனியனோடு போயிருக்கிறார். முதலில் கிணற்றைப் பார்த்தோம், அப்புறம் கண்மாயை. ஆளைக் காணோம் என்றால் எல்லோருக்கும் முதலில் தண்ணீர்தான் ஞாபகம் வருகிறது. கிணற்றில் முதலில் இறங்கியது, வரப்புத் தகராறில் நாலு வருடமாக எங்களோடு பேச்சு வார்த்தை இல்லாத வீட்டுப் பையன். தம்பி, அன்றைக்கு உன்னிடம் ஒரு வாய் தண்ணீர் குடி என்றுகூடச் சொல்லவில்லை. வீட்டுக்கு வா.

ஆள் காணாமல் போனால் 24 மணி நேரம் கழித்துத்தான் புகார் எடுப்பார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அப்படி ஒரு சட்டமே கிடையாதாம். இதைச் சொல்லி, கையோடு போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய், மனுவும் எழுதி, புகார் கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கித் தந்தவர் எங்கள் ரேஷன் கடை அண்ணன். முதியோருக்கான உதவி எண் 14567 என்று ஒன்று இருப்பதும் அவர் சொல்லித்தான் தெரியும்.

போட்டோ ஒரு பெரிய பாடாகிவிட்டது. எங்களிடம் இருந்ததெல்லாம் என் மகன் காதுகுத்தில் எடுத்தது: சட்டை, சந்தனம், டை அடித்த மீசை. அதை வைத்து யார் கண்டுபிடிப்பது? பிளக்ஸ் கடைத் தம்பி அந்தப் படத்தில் தாடியை வெள்ளையாக வரைந்து, கன்னத்தை ஒட்ட வைத்து, இருநூறு நோட்டீஸ் அடித்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. அதைப் பார்த்துத்தான் டவுன் பஸ் நடத்துநர் ஒருவர் திங்கட்கிழமை கூப்பிட்டார். ஞாயிறு காலை முதல் நடையில் அப்பா ஏறி விராலிமலையில் இறங்கினாராம். டிக்கெட் கேட்டதற்குப் பனியனைத் தடவிக்கொண்டே நின்றாராம், நடத்துநரே தன் கைக்காசைப் போட்டுக் கிழித்துக் கொடுத்திருக்கிறார். "மேல துண்டு இல்லீங்க, அதான் ஞாபகம் இருக்கு" என்றார். இந்தத் துண்டு விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

நாங்கள் விராலிமலைக் கோயில் படிக்கட்டிலும் அன்னதான வரிசையிலும் தேடிக்கொண்டிருந்தபோது, அப்பா நான்கு வழிச் சாலையைத் தாண்டி மணப்பாறைப் பக்கம் நடந்திருக்கிறார். திங்கட்கிழமை மதியம் வழியில் ஓர் ஊர் அங்கன்வாடி வாசலில் நின்று, ஒரு குழந்தையின் விரல்களை இறுக்கிப் பிடித்திருக்கிறார். விடவில்லை. குழந்தை அழ, ஆட்கள் கூடிவிட்டார்கள். 'பிள்ளை பிடிக்கிறவன்' என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

2018-இல் போளூர் பக்கம் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டியைப் பிள்ளை கடத்த வந்தவர் என்று நினைத்து அடித்தே கொன்றார்கள். அந்தச் செய்தியை நானும் படித்துவிட்டு "என்ன ஜனங்களோ" என்று சொல்லிக் கடந்தவள்தான். அங்கன்வாடி டீச்சர் அக்கா நடுவில் புகுந்து, அப்பாவைத் தன் நாற்காலியில் உட்கார வைத்து, "பெரியவருக்குப் புத்தி தடுமாறியிருக்கு, பார்த்தா தெரியலையா?" என்று ஒரு சத்தம் போட்டிருக்கிறார். கூட்டம் கலைந்தது. சாப்பாடு போட்டு, போட்டோ எடுத்து, அதை அனுப்ப உள்ளே போன நேரத்தில் இவர் நடையைக் கட்டிவிட்டார். அக்கா, நீங்கள் இல்லாவிட்டால் இந்த மடல் வேறு மாதிரி இருந்திருக்கும்.

அப்பா அந்தக் காலத்தில் மாட்டுத் தரகர். விட்டு இருபது வருடம் ஆகிறது, அதனால் மணப்பாறைச் சந்தை என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவே இல்லை. பெற்ற பிள்ளைகள் பெயர் மறந்தவருக்குச் சந்தை கூடும் செவ்வாய்க்கிழமை மறக்கவில்லை. சந்தைக்குப் பக்கத்து டீக்கடை பெஞ்சில் விடியற்காலை படுத்துக் கிடந்திருக்கிறார். கடைக்கார அக்கா எழுப்பி விரட்டாமல், இட்லி வாங்கிக் கொடுத்து நாள் முழுக்க உட்கார வைத்திருந்தார். சாயங்காலம் டீ குடிக்க வந்த ஒரு வயதான தரகரின் கையை அப்பா சட்டென்று பிடித்து, மேலே துண்டைப் போட்டு மூடியிருக்கிறார்.

சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். துண்டுக்குள் கைவிட்டு, விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். ஒரு விரல் ஆயிரமா பத்தாயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே இரண்டு பேருக்கும் தெரியும். குழந்தையின் விரலை ஏன் பிடித்தார் என்பதும் எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தத் தரகர் ஐயா கையை உருவாமல் அப்படியே நின்றாராம். 'பாதி' என்று சொல்ல மோதிர விரலை மடக்கி இரண்டு தடவை அழுத்துவது இந்த வட்டாரத்திலேயே ஒருவர்தான் என்றார். அப்பாவின் பெயரையும் ஊரையும் அவரே சொன்னார். தன்னிடம் மாடு வாங்கிய ஓர் இலுப்பூர்க்காரருக்குப் போன் போட்டார். கால் மணி நேரத்தில் என் போன் அடித்தது.

இதோடு முடித்திருக்கலாம். போன வாரம் பழமும் சேலையும் வாங்கிக்கொண்டு டீக்கடை அக்காவைப் பார்க்கப் போனேன். அப்பா பெயரைத் தரகர் சொன்னதும், அப்பாவுக்காக ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டதாக அக்கா சொன்னார். அக்காவின் அப்பாவுக்கு ஒரு ஜோடி உழவு மாடு முடித்துக் கொடுத்தது எங்கள் அப்பாதானாம். அதில் ஒன்று, கொம்பைச் சீவி எண்ணெய் தேய்த்து வயதை மறைத்த மாடு. ஒரு போகம்கூடத் தாங்கவில்லை. வாங்கிய கடனுக்கு வயல் போனது, குடும்பம் டவுனுக்கு வந்தது, டீக்கடை வந்தது.

"எங்கப்பாவுக்கு அது தெரிஞ்சிருக்குமா அக்கா?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சும் இருக்கலாம். இப்ப கேட்டா சொல்லவா போறாரு" என்றார். அப்புறம் என்ன செய்தீர்கள் என்றேன். "டீ ஆறிப்போச்சு. வேற போட்டுக் குடுத்தேன்."

பழத்தை வாங்கிக்கொண்டார், சேலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பெயர் போடாமல் எழுதிக்கொள் என்று சொன்னதால் எழுதுகிறேன். அக்கா, அப்பா சார்பில் மன்னிப்புக் கேட்க எனக்கு உரிமை உண்டா தெரியவில்லை. கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது அப்பாவின் எல்லா வேட்டி ஓரத்திலும் என் போன் நம்பரை மார்க்கரில் எழுதியிருக்கிறோம். வாசல் கதவுக்கு ஒரு மாட்டு மணியும் கட்டியாயிற்று.

கடைசியாக அந்தத் துண்டு. பஸ்ஸில் இறங்கும்போது அவர் தோளில் துண்டு இல்லை. மறுநாள் அங்கன்வாடி போட்டோவில் இருக்கிறது: பச்சைத் துண்டு, நல்ல கனம், ஒரு மூலையில் பீடி நெருப்புப் பட்ட ஓட்டை. ஞாயிறு ராத்திரி அவரை எங்கோ தங்க வைத்து, வெயிலுக்கு இதைப் போர்த்தி, ஒருவேளை அந்தப் பெரிய சாலையைக் கைபிடித்துக் கடத்தியும் விட்டவர் யார் என்று இதுவரை தெரியவில்லை. அந்தத் துண்டு இல்லாமல் அந்தத் தரகர் கையை அவர் பிடித்திருப்பாரா என்பதும் சந்தேகம்தான். துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். அப்பா தினமும் நாலு தடவை எடுத்துப் போட்டுக்கொள்கிறார், அதனால் மடிப்பு கலைந்திருக்கும்.

வருகிற செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவரைச் சந்தைக்குக் கூட்டி வருகிறேன். அந்த டீக்கடையில்தான் இருப்போம். வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.