61ஆவது அலகின் விலை: பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

2025 ஜனவரியில் மின்கட்டணத்தை 20 சதவீதம் குறைத்தீர்கள், ஜூனில் 15 சதவீதம் கூட்டினீர்கள். உற்பத்திச் செலவுக்கு ஏற்ற விலை வேண்டும் என்பது சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனை. அது விளங்குகிறது. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த சனத்துக்கு, நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் டொலர் வேண்டும் என்று யாரும் புதிதாகப் பாடம் எடுக்கத் தேவையில்லை. எனவே விலையைக் குறையுங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. ஒரு வீடு மாதத்தில் பாவிக்கும் மின்சாரத்தின் 60ஆவது அலகுக்கும் (யூனிட்) 61ஆவது அலகுக்கும் இடையில் நடப்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

2025 ஜூன் 12 முதல் நடைமுறைக்கு வந்த வீட்டுக் கட்டணத்தையே எடுப்போம். 30 நாளில் 60 அலகு பாவித்த வீட்டுக்கு முதல் 30 அலகு 4.50 ரூபாப்படி, அடுத்த 30 அலகு 8 ரூபாப்படி, நிலையான கட்டணம் 210 ரூபா. மொத்தம் 585 ரூபா. பக்கத்து வீட்டில் 61 அலகு. அங்கே மலிவு விலை முதல் அலகிலிருந்தே இல்லாமல் போகிறது. முதல் 60 அலகும் 12.75 ரூபாப்படி ஆகிவிடும், கடைசி ஒன்று 18.50, நிலையான கட்டணம் 400. மொத்தம் 1,183 ரூபா 50 சதம். வரியை நான் இதில் சேர்க்கவில்லை.

அதாவது அந்த ஓர் அலகின் விலை 598 ரூபா 50 சதம்.

மேலே போனாலும் இப்படிப் படிகள் உண்டு. 180இலிருந்து 181க்குப் போகும் வீட்டுக்கு 661 ரூபா கூடும். ஆனால் அந்த வீடு ஏற்கெனவே 6,000 ரூபா கட்டுகிறது, அதற்கு இது 11 சதவீதம். 60இல் நிற்கும் வீட்டுக்கோ பில் இரண்டு மடங்கு. குறைவாகப் பாவிப்பவருக்குத்தான் பெரிய படி வைத்திருக்கிறீர்கள்.

ஏழைகளுக்குச் சலுகை, மற்றவர்களுக்குச் செலவுக்கேற்ற விலை என்பதுதான் இதற்குப் பின்னால் உள்ள நியாயம் என்று நினைக்கிறேன். நல்லது. ஆனால் மீற்றருக்கு வீட்டில் எத்தனை பேர் என்று தெரியாது. யாழ்ப்பாணத்து வடமராட்சியில் ஒழுங்கைக்கு ஒரு வீடாவது பூட்டிக் கிடக்கிறது. சொந்தக்காரர் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார், இங்கே இரவில் வாசல் விளக்கு மட்டும் எரியும். அந்த வீட்டுக்கு 4.50 ரூபாக் கரண்ட். எதிர்வீட்டில் அம்மம்மா, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று ஏழு பேர் ஒரே மீற்றரில் இருப்பார்கள். அவர்களுக்கு 12.75.

யாழ்ப்பாணத்துக்கு இன்னொரு சங்கதியும் உண்டு. இங்கே வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. ஆனாலும் பெரும்பாலான வளவுகளில் இன்றும் கிணறுதான், மோட்டர்தான். ஒரு குதிரைவலு மோட்டர் நாளுக்கு ஒரு மணித்தியாலம் ஓடினால் மாதத்துக்கு 22 அலகு போய்விடும். குழாய்நீர் வரும் கொழும்பு வீட்டில் தண்ணீருக்குத் தனி பில், அதற்குத் தனி விலை. எங்கள் தண்ணீர் கரண்ட் பில்லுக்குள் இருக்கிறது. மின்விசிறி, நாலைந்து விளக்கு, ஒரு பழைய குளிர்சாதனப் பெட்டி, அதோடு இந்த மோட்டர். 60இல் நிற்க எவரால் முடியும்?

மாதம் 300 அலகு எரிக்கும் வீட்டுக்கு ஒரு வழி இருக்கிறது: கூரையில் சோலார் பூட்டலாம், பலர் பூட்டியும் விட்டார்கள். 70 அலகு வீட்டிடம் அதற்குப் போடப் பணம் இல்லை. 180க்கு மேலுள்ள அலகுக்கு 61 ரூபா கட்டி மற்றவர்களின் சலுகையைச் சுமந்தவர்கள் ஒவ்வொருவராக இப்படி விலகும்போது, அந்தச் சுமை யார் தலையில் இறங்கும் என்று கணக்குப் பார்த்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நான் கேட்பது இதுதான். 60ஐத் தாண்டினாலும் முதல் 60 அலகின் விலை மாறக்கூடாது. அதனால் வரும் துண்டுவிழலை 120க்கு மேலுள்ள அலகுகளின் விலையில் பரப்பலாம். அது உடனே முடியாது என்றால், நிலையான கட்டணத்தையாவது 210இலிருந்து 400க்கு ஒரே தாவலாக ஏற்றாமல், 61 முதல் 90 வரை அலகோடு சேர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள்.

அப்புறம் ஒரு சின்ன விடயம், இதற்குச் செலவே இல்லை. இந்த வரம்புகள் 30 நாள் கணக்கில் எழுதப்பட்டவை. மீற்றர் பார்க்க 33ஆம் நாள் வந்தால் வரம்பு 66 அலகாக வேண்டும். இது தெரியாமல், ஆள் பிந்தி வந்ததால்தான் பில் ஏறியது என்று மீற்றர் பார்க்க வருபவரோடு சண்டை பிடிப்பவர்கள் ஊரில் ஏராளம். எத்தனை நாள், அந்த நாட்களுக்கான வரம்பு எவ்வளவு, வீடு எந்தப் படியில் நிற்கிறது என்ற மூன்றையும் பில்லில் மூன்று மொழியிலும் தெளிவாக அச்சிடச் சொல்லுங்கள்.

அடுத்த கட்டணத் திருத்தத்துக்குக் கருத்துக் கேட்கும்போது, 61க்கும் 75க்கும் இடையில் எத்தனை வீடுகள், எந்தெந்த மாவட்டத்தில் இருக்கின்றன என்ற பட்டியலையும் ஆவணத்தோடு வெளியிடுங்கள். அதைப் பார்த்தபின் எங்கள் கருத்தை எழுதி அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
வடமராட்சியிலிருந்து ஒரு மின்பாவனையாளர்